மூன்று நாளில் என்ன அவசரம்?

2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு அமைச்சர் செந்தில்பாலாஜி பதவி விலகினார். மறுநாள், ஏப்ரல் 28 அன்று, உச்ச நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டு, அவருடைய ஜாமீனை ரத்து செய்யக் கோரிய மனுவை முடித்து வைத்தது. பதவி வேண்டுமா, வெளியில் இருக்க வேண்டுமா என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஓர் அமைச்சரைப் பார்த்துக் கேட்டு, நான்கைந்து நாள் கெடு வைத்த பிறகே இது நடந்தது. இத்தோடு விவகாரம் ஓய்ந்தது என்று கோட்டையில் நினைத்தால் அது பெரிய தவறு. அவர் ஏன் அப்போது விலகினார் என்பது இங்கே பெரிய கேள்வியே இல்லை. அதற்கு ஏழு மாதத்துக்கு முன்பு அவரை யார், எதற்காக, அத்தனை அவசரமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

2024 செப்டம்பர் 26-இல் ஜாமீன் கிடைத்தது. செப்டம்பர் 29-இல் ஆளுநர் மாளிகையில் பதவிப் பிரமாணம் நடந்தது. இடையில் மூன்றே நாள். கைதாவதற்கு முன் வைத்திருந்த அதே மின்சாரம், அதே மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைகள் திரும்பக் கிடைத்தன. கோவைக்குப் பொறுப்பு அமைச்சராகவும் அவரே வந்தார்.

ஜாமீன் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. 471 நாள் ஒரு மனிதர் சிறையில் இருந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரிக்க வேண்டிய வழக்கு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. குற்றம் நிரூபணம் ஆகாத ஒருவரை அதுவரை உள்ளே வைத்திருப்பது நியாயமல்ல என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு; எந்தக் கட்சிக்காரருக்கும், கட்சியே இல்லாத கூலித் தொழிலாளிக்கும் அதே முடிவுதான் கிடைக்க வேண்டும்.

ஆனால் ஜாமீன் என்பது வழக்கு முடிந்ததற்கான அத்தாட்சி ஆகாது. சாட்சியை நெருங்க மாட்டேன், விசாரணையை இழுத்தடிக்க மாட்டேன், கூப்பிட்டபோது வந்து நிற்பேன் என்று நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கின் பேரில் கிடைக்கும் இடைக்கால விடுதலை அது. இந்த ஜாமீனிலும் 25 லட்சம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரம், இரண்டு ஜாமீன்தாரர்கள், பாஸ்போர்ட் ஒப்படைப்பு, சாட்சிகளோடு தொடர்பு கூடாது, திங்களும் வெள்ளியும் சென்னை அமலாக்கத் துறை அலுவலகத்தில் கையெழுத்து என்று நிபந்தனைகள் இருந்தன. வாரம் இரண்டு நாள் விசாரணை அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டிய ஒருவர், அந்தக் கையோடு கோட்டைக்குப் போய்க் கோப்புகளிலும் கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானித்தவர்கள் நிச்சயமாக நீதிபதிகள் இல்லை.

இந்த வழக்கின் தன்மையைப் பாருங்கள். 2011 முதல் 2015 வரை அவர் போக்குவரத்துத் துறை அமைச்சர். ஓட்டுநர், நடத்துநர், இளநிலை தொழில்வினைஞர், பொறியாளர் வேலைகளுக்குப் பணம் வாங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. பணம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை. ஒரு போக்குவரத்துக் கழக வேலைக்காகத் தோட்டத்தை அடமானம் வைத்த, தாலிக்கொடியை விற்ற குடும்பங்கள் கொங்கு மண்டலத்தில் எத்தனை என்று ஊருக்குள் விசாரித்தால் தெரியும். அவர்களில் சிலர் சாட்சிகள். பணம் கொடுத்ததற்காகவே குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. சாட்சி சொல்ல வேண்டிய அரசு ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இடமாற்றம், பதவி உயர்வு, சம்பளம் எல்லாம் அரசின் கையில். அந்த அரசின் மூத்த அமைச்சராக அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு டிப்போ ஊழியர் கூண்டேறி, ஆமாம், பணம் கைமாறியது என்று சொல்வாரா? அவர் வீட்டில்தான் சொல்ல விடுவார்களா? யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. தேசியக்கொடி கட்டிய கார் ஊருக்குள் வந்து போனாலே போதும்.

இதைத்தான் 2024 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் கேட்டது. ஜாமீன் கொடுத்ததும் போய் அமைச்சர் ஆகிறீர்கள், சாட்சிகள் என்ன நினைப்பார்கள் என்ற பொருளில் நீதிபதி அபய் ஓகா அமர்வு கடிந்துகொண்டது. அன்றே ராஜினாமா வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜனவரி போனது, பிப்ரவரி போனது, மார்ச் போனது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் ஜாமீனே பறிபோகும் என்ற நிலை வந்த பிறகுதான் நாற்காலி காலியானது.

தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அதே 2024 செப்டம்பர் மாதம் 13-ஆம் தேதி அன்றைய டெல்லி முதல்வர் கேஜ்ரிவாலுக்கு ஜாமீன் கிடைத்தபோது, முதல்வர் அலுவலகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் போகக்கூடாது, தேவையின்றிக் கோப்பில் கையெழுத்திடக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. நான்கு நாளில் அவர் பதவி விலகினார். நாடே பார்த்தது. ஜாமீனையும் அதிகாரப் பதவியையும் உச்ச நீதிமன்றம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொண்ட நேரம் அது. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்துத் தமிழ்நாட்டில் பதவிப் பிரமாணம் நடக்கிறது.

இனி சாமானியனின் ஜாமீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சோமனூரில் தறி ஓட்டுகிற ஒருவர் அடிதடி வழக்கில் உள்ளே போனால், ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வர நாளாகும். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அவர்களுடைய ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது வேண்டும். சில நேரம் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்றும் கேட்பார்கள். வெளியே வந்த பிறகு, காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ரைட்டர் வரும்வரை படிக்கட்டில் காத்திருக்க வேண்டும். அன்றைய பாதிக் கூலி போய்விடும். காய்ச்சலில் இரண்டு நாள் தவறினால் ஜாமீனை ரத்து செய்யப் போலீஸ் மனுப் போடும். வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்டு வரும். அவருக்காக எந்த மூத்த வழக்கறிஞரும் டெல்லிக்குப் பறப்பதில்லை. சட்டம் அவரிடம் இத்தனை கறாராக நடந்துகொள்ளும் ஊரில்தான், இன்னொருவருக்கு மூன்று நாளில் அமைச்சரவை நாற்காலி தயாராக இருந்தது.

இது ஒரு நாள் புத்தி என்றால் மறந்துவிடலாம். 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது செய்தபோதே பதவியைப் பறித்திருக்க வேண்டும். புழல் சிறையில் இருந்த கைதியை இலாகா இல்லாத அமைச்சராக எட்டு மாதம் வைத்திருந்தார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகும் வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஜாமீன் மனு மீண்டும் விசாரணைக்கு வருகிற நேரம் பார்த்து ராஜினாமா வந்தது. ஜாமீன் வேண்டும் என்றால் பதவி விலகல், ஜாமீன் கிடைத்தால் பதவியேற்பு, ஜாமீனுக்கு ஆபத்து என்றால் மறுபடி பதவி விலகல். நீதிமன்றத்துக்கு இதைவிட வெளிப்படையான அவமதிப்பு இருக்க முடியுமா?

அதற்கும் முன்னால் 2021-இல், பணம் திரும்பக் கிடைத்துவிட்டது, சமாதானமாகிவிட்டோம் என்று புகார்தாரர் தரப்பு சொன்னதை வைத்து ஒரு வழக்கே ரத்தானது. அப்போதும் அவர் அமைச்சர்தான். அரசு வேலைக்கு லஞ்சம் என்பது இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொள்ளும் வரப்புத் தகராறு இல்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது. வழக்கை நடத்த வேண்டிய அரசுத் தரப்பு அன்று என்ன செய்துகொண்டிருந்தது?

கட்சிகள் மாறினாலும் கோட்டையின் குணம் மாறுவதில்லை. 2019-இல் பொள்ளாச்சியில் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த பெண்ணின் அண்ணனை அடித்தவர்கள் கைதான வேகத்தில் ஜாமீனில் வெளியே வந்தார்கள். அந்த ஜாமீனை ரத்து செய்ய ஓடியிருக்க வேண்டிய காவல்துறையின் மாவட்டத் தலைமையே அந்தப் பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டது. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அவர் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஆறு வருடம் கழித்து, 2025-இல்தான் அந்த வழக்கு தீர்ப்பை நெருங்கியது.

கோகுல்ராஜ் ஆணவக் கொலை வழக்கையும் இந்த மண் மறக்காது. 2016-இல் முக்கியக் குற்றவாளிக்குக் கிடைத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் உள்ளே இருந்தபோதே முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். சிறையில் இருப்பவருக்கே சாட்சிகள் அஞ்சுகிற மண்டலம் இது. இங்கே குற்றம் சாட்டப்பட்டவரை அமைச்சராக்கினால் சாட்சிகள் கதி என்ன ஆகும் என்று யோசிக்க ஒருவர்கூடவா அந்தக் கோட்டையில் இல்லை?

இருந்திருப்பார்கள். யோசித்தும் இருப்பார்கள். மேற்கு மாவட்டங்களின் தேர்தல் கணக்கு அந்த யோசனையை வென்றிருக்கும். கொங்கு மக்களின் ஓட்டுக்காக, கொங்கு மக்களிடம் பணம் பறித்ததாகச் சொல்லப்படும் வழக்கின் சாட்சிகளை நிராதரவாக விட்டார்கள் என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜாமீனில் வந்தவரை மீண்டும் காவலில் வைக்க உயர் நீதிமன்றத்துக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439(2) பிரிவு, இன்று புதிய சட்டத்தின் 483(3) பிரிவு. ஆனால் எந்தச் சூழ்நிலையில் என்று அதில் விளக்கம் இல்லை. அரசு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர் சொந்தச் செலவில் படியேற வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரே அரசின் அங்கமானால் எந்த அரசு வழக்கறிஞர் போடுவார்? செந்தில்பாலாஜியின் ஜாமீனை ரத்து செய்யக் கோரிய மனுவைக்கூட ஒரு தனிமனிதர்தான் டெல்லிவரை கொண்டு போனார்.

மாநிலத் திருத்தம் கொண்டுவர முடியாதா? 2025 ஜனவரி 10 அன்று பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்கள் பேரவைக்கு வந்தன, மறுநாளே நிறைவேறின. மனமிருந்தால் இரண்டு நாளில் மசோதா நிறைவேற்றத் தெரிந்தவர்கள் இவர்கள். ஜாமீனில் இருப்பவர், தன் வழக்கின் சாட்சிகள் மீது அதிகாரம் செலுத்தும் பதவிக்கு வந்தால் அந்த ஜாமீன் உடனே மறுபரிசீலனைக்குப் போக வேண்டும் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வாசகங்களை வல்லுநர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பேரவை பேசத் தொடங்கட்டும்.

வழக்கு முடியும்வரை அமைச்சர் பதவி கூடாது என்று உச்ச நீதிமன்றம் அன்று நிபந்தனை ஏதும் போடவில்லை. மறுநாளே மறுபடி பதவிப் பிரமாணம் நடத்தக் கோட்டைக்குத் தடை இல்லாமல் இருந்தது. அப்படி ஒரு காரியத்தைச் செய்ய மாட்டோம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் பகிரங்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தலையங்கம் அச்சுக்குப் போகும்வரை அப்படி யாரும் சொல்லவில்லை.