பியரும் சுழிப்பிழையும்

பியர் காய்ச்சுவது பற்றிய பதிவு என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிளஸ் ஒன் இயற்பியல் லேபில் எல்லோரும் படித்த பாடம்தான் இது.

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. அங்கே இது தோட்டம் போடுவது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. மால்ட் பாகு, ஈஸ்ட், வாளி எல்லாம் கடையில் கிடைக்கும். கூடவே ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய். பால் சொசைட்டியில் பாலில் மிதக்க விடுகிறார்களே பால்மானி, அதற்கு அண்ணன் முறை! கரைசலில் சர்க்கரை அதிகமிருந்தால் உயர மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்ற மாற்ற, கீழே இறங்கும்.

முதன்முதலாகக் காய்ச்சுபவர் இந்தக் குழாயை அப்படியே நம்பிவிடுகிறார். வெர்னியரில் சுழிப்பிழை பார்க்காமல் அளவெடுத்தால் எந்த ஆசிரியராவது விடுவாரா? இங்கும் அதே கதைதான். உள்ளே அளவுகோல் அச்சிட்ட காகிதம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் போச்சு.

சோதிப்பது சுலபம். குழாயில் குறித்திருக்கும் வெப்பநிலையில் (பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ், சிலவற்றில் 15.6) காய்ச்சி வடித்த நீரை எடுத்து, அதில் மிதக்கவிட்டு, குமிழிகள் போக ஒரு சுழற்று சுழற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். 1.000 காட்டணும். 1.002 காட்டினால் தூக்கிப் போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் 0.002 கழித்தால் போதும். அடுத்து 900 கிராம் நீரில் 100 கிராம் சர்க்கரை கரைத்துப் பார்த்தால் 1.040 வர வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். வெவ்வேறு பிழை என்றால் புதிது வாங்குவதே நல்லது.

'ஆல்கஹாலைக் கணக்கிட ஆரம்ப அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம்தானே வேண்டும்? 1.048-இல் தொடங்கி 1.010-இல் முடிந்தால் சுமார் 5 சதவீதம். ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் அடிபட்டுப் போகுமே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பாட்டிலில் அடைக்கும் முன் கடைசி அளவைத் தனியாக நம்ப வேண்டியிருக்கிறதே! மூன்று நாள் ஒரே எண் காட்டினால் நொதித்தல் முடிந்தது என்பது வழக்கமான விதி. நல்ல விதிதான். ஆனால் குளிரில் ஈஸ்ட் பாதியில் தூங்கிப்போனாலும் எண் மாறாது. உண்மையில் 1.018-இல் நின்றுபோன பியரைக் கோளாறான குழாய் 1.010 என்று காட்டினால், பாவம், அவர் மூடி போட்டுவிடுவார். வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்து மிச்ச சர்க்கரையைத் தின்னும். கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி பாட்டில் வெடிக்கும். கண் போனால் வருமா?

இன்னொரு பக்கமும் உண்டு. எண் சரியாக வராத போதெல்லாம் குழாயைத் திட்டுவதும் நியாயமில்லை. 20 டிகிரிக்கான குழாயை 40 டிகிரிச் சூட்டில் விட்டால் சுமார் 0.006 குறைத்துத்தான் காட்டும். பாகும் தண்ணீரும் சரியாகக் கலக்காவிட்டாலும் எண் தப்பும். முன்பே சோதித்து வைத்தவருக்குத் தவறு எங்கே என்று உடனே தெரியும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு ஜாடித் தண்ணீரும் கைப்பிடிச் சர்க்கரையும். பாகு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடலாம்.