சான்றிதழ்களை எண்ணுவோரும் கூலியை எண்ணுவோரும்

திறன் பயிற்சிக்கென அரசு ஒதுக்கும் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்குபவரும் வரி செலுத்தும் நாட்டில் அது எல்லோருடைய பணம், ஆகவே அமானிதம். இதை மறந்ததால்தான், "நம் சமுதாயத்துக்கு எத்தனை இடம், எத்தனை கோடி" என்ற கேள்வியோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது.

2015-இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனாவை எடுத்துக்கொள்வோம். அதன் 2015–2022 காலத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, பரிசீலித்த சுமார் 95 லட்சம் பதிவுகளில் நூற்றுக்கு 94-க்கும் மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு விவரமே முறையாக இல்லை என்கிறது. பயனாளிகள் பலருக்கு ஒரே புகைப்படம் காட்டப்பட்டிருந்தது. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றோரில் வேலைக்கு அமர்த்தப்பட்டோர் 41 விழுக்காடு. சரி, இதற்கு அரசு கண்ட மருந்து என்ன? திட்டத்தின் நான்காம் கட்டத்தில், பயின்றவர் வேலைக்குப் போனாரா என்று பின்தொடரும் வழக்கத்தையே கைவிட்டது. அவரவர் தமக்குரிய பாதையைத் தேர்ந்துகொள்ள ஆற்றல் அளிப்பதே நோக்கமாம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

சிறுபான்மையினருக்கென 2013-இல் வந்த 'சீக்கோ அவுர் கமாவோ' திட்டத்தில், பயின்றோரில் 75 விழுக்காட்டினருக்கு வேலை பெற்றுத் தரவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நல்ல நிபந்தனை. ஆனால் கேட்பார் இல்லாத நிபந்தனை காகிதத்தில்தான் வாழும். இன்று அத்திட்டம் 'பி.எம். விகாஸ்' என்ற குடைக்குள் போய்விட்டது.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. "அரசாங்கப் பணம்தானே" என்று சொல்லி, வராதவரை வந்ததாக எழுதும் கைகள் நம்மிடையேயும் இல்லையா? ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று கண்டித்தார்கள். தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பொதுப்பணத்தைக் கையாளும் எவரும் அந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

யாசித்து வந்த அன்சாரித் தோழரின் செய்தியை நாம் அடிக்கடி பயானில் கேட்கிறோம். (அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டோரும் உண்டு.) அவருடைய விரிப்பும் பாத்திரமும் இரண்டு திர்ஹத்துக்கு விற்கப்பட்டன. ஒன்றில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் கோடரி. நபியவர்களே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். நம் கவனத்துக்கு வராமல் போவது அதற்கு அடுத்த பகுதி: பதினைந்து நாள் கழித்து வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வந்தார், கையில் பத்து திர்ஹம் இருந்தது. கருவி கொடுத்ததோடு கணக்கு முடியவில்லை. சம்பாதித்தாரா என்று பார்த்த பிறகே முடிந்தது.

"இப்படி விமர்சித்தால் உள்ளதும் போய்விடும்" என்பர் சிலர். மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டதைக் கண்டவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும் பொய்ப் பதிவுகள் திட்டத்தைக் காப்பதில்லை; மூடத் துடிப்பவருக்குச் சாக்கையே அவை கொடுக்கின்றன. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் மூன்று மாதம் தையல் வகுப்பில் அமர்ந்தால், அந்த மூன்று மாதக் கூலி அவள் கையிலிருந்து போகிறது. வேலை கிடைக்காத சான்றிதழ் அவளுக்கு இலவசம் அன்று. அவள் விலை கொடுத்து வாங்கியது.

ஆகவே மஹல்லா நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது இது. பயிற்சி வகுப்புக்குப் பள்ளிவாசல் மண்டபத்தைக் கேட்டு வரும் நிறுவனத்திடம், கடந்த ஆண்டு பயின்றோரில் எத்தனை பேர் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களில் பத்துப் பேரிடமாவது நேரில் விசாரியுங்கள். பதில் வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.