பாலில் தண்ணி இல்லை, மடியில் நோய்!

 

விடியுமுன் எழுந்து, சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்கு எடுத்துட்டுப் போறோம். லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துட்டு, "டிகிரி இறங்கிப்போச்சு, தண்ணி ஊத்திட்டீங்களா?" என்கிறார்கள். நாலு பேர் முன்னால் திருடன் பட்டம்! மறுபேச்சுப் பேச வழியில்லாமல் திரும்புகிறோம்.

தண்ணி ஊற்றாமலே பால் இளைக்கும். காரணம் மடிநோய்!

மடி வீங்கி, சூடேறி, பால் திரிதிரியாக வந்தால் நோய் என்று நமக்கே தெரியும். ஆனால் மறைந்திருக்கும் மடிநோயில் வீக்கமும் இருக்காது, பாலும் வெள்ளையாகவே இருக்கும். உள்ளுக்குள் கறவை குறையும். லாக்டோசும் புரதமும் குறைந்து எஸ்.என்.எப். இறங்கும். எருமைக்கு மடி கறுப்பு; நோய் முற்றினால்கூட சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் சூடு தெரியும்.

2023 டிசம்பரில் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. எருமைப்பால் 44 ரூபாயிலிருந்து 47 ஆனது. நல்லதுதான். ஆனால் கொழுப்பும் எஸ்.என்.எப்.பும் இருந்தால்தானே அந்த விலை? மடியில் நோயை விட்டுவிட்டு விலையை ஏற்றினால் யாருக்கு லாபம்?

நோயைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையா? நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, சோதனைத் திரவம் விட்டு ஆட்டினால் போதும். நோயுள்ள பால் கூழ் மாதிரி கெட்டியாகும். சில நிமிட வேலை! பாலை அளக்கத் தெரிந்த இடத்தில் மடியைச் சோதிக்க ஏன் ஆளில்லை?

நம்ம பக்கமும் தப்பு இருக்கு, மறைக்க வேண்டாம். மருந்துக் கடையில் டியூப் வாங்கி நாமே காம்பில் ஏற்றுகிறோம். வீக்கம் வத்தினதும் பாதியில் விடுகிறோம். அப்புறம் கிருமி மருந்துக்கு மசியாது. டாக்டர் சொன்ன நாள் வரை மருந்து போடணும். அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை ஊற்றக்கூடாது.

கட்டைவிரலை மடக்கிக் கறக்காதீர்கள், காம்பு புண்ணாகும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்புத் துளை உடனே மூடாது. தீவனம் போட்டு அரைமணிக்குக் குறையாமல் நிற்க வையுங்கள். கறந்த கையோடு எருமையைக் குட்டைக்கு ஓட்டாதீர்கள்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் கைமருந்தும் இருக்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கப் பீச்சிவிட்டு, நாளுக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள் மடியில் பூசணும். காய்ச்சலடித்து மாடு தீனி எடுக்காவிட்டால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு போன் போடுங்கள்.

அரசே! எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் மாதம் ஒருமுறை இலவச மடிநோய் சோதனை நடத்து!

2. டிகிரி குறைந்தால் மடியைச் சோதிக்காமல் தண்ணி கலந்ததாகப் பழி சுமத்தாதே!

3. கால்நடை மருந்தகங்களில் மடிநோய் மருந்தைக் குறைவில்லாமல் வை! 1962 வண்டி இரவு பகல் எந்நேரமும் வரட்டும்!

4. மருந்து போட்ட நாட்களில் ஊற்ற முடியாத பாலுக்கு நஷ்டஈடு கொடு!

உறவுகளே! ஒரு காம்பு அடைத்தால் கால்வாசி மடி போச்சு. சந்தையில் எருமை அடிமாட்டு விலைக்குப் போகும். தலை குனிந்தது போதும். பால் கேனோடு திரண்டு வாருங்கள்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்.