டிக்கெட் ஃப்ரீ... பஸ்சுக்குத் துட்டு யார் தருவா?

முக்கூடல்: சுதந்திரத்தின் 75வது ஆண்டைக் கொண்டாட 2022 ஆகஸ்ட் 5 முதல் 15 வரை தொல்லியல் துறை சின்னங்களுக்கு நாடு முழுக்க டிக்கெட் கிடையாது என்று மத்திய அரசு அறிவித்தது. அப்போதைய கலாசாரத்துறை அமைச்சர் கிஷன் ரெட்டி சொன்னதுதான் தாமதம், தாஜ்மஹாலில் கூட்டம் அள்ளியது. சரி, தாமிரபரணிக் கரையில் இருக்கிற முக்கூடல்காரர்களுக்கு இதில் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை.

மாமல்லபுரத்தில் அப்போது இந்தியர்களுக்கு டிக்கெட் 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என்றைக்குமே கட்டணம் கிடையாது. ஆக, அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் கிளம்பிப் போனால் மிச்சம் 80 ரூபாய். போகவர பஸ் செலவு, சாப்பாடு, ராத்தங்கல்? அதை யாரும் ஃப்ரீ ஆக்கவில்லை. மொய்யை விட கல்யாணத்துக்குப் போகிற செலவு பெரிசு என்கிற கதைதான். இன்னொன்று, இங்கே பீடி சுற்றும் குடும்பங்கள் அதிகம். சுளகை மடியில் வைக்காத நாளில் கூலி இல்லை. டிக்கெட் வசூலிக்கிற பிரபலமான இடங்களான செஞ்சி, திருமயம், சித்தன்னவாசல் எல்லாமே மதுரைக்கு வடக்கேதான் இருக்கின்றன.

பக்கத்திலேயே தொல்லியல் துறை பாதுகாக்கும் கோவில் இல்லையா என்றால், இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீஸ்வரம். சோழர் காலத்து கற்கோவில், விமானத்தில் அசரவைக்கும் சிற்பங்கள். 'மூன்றுகை மகாசேனை' என்ற சோழப் படை இந்தக் கோவிலுக்குக் காவல் நின்றதைக் கல்வெட்டே சொல்கிறது. டெல்லியில் இருந்து யாரும் தள்ளுபடி கொடுக்கத் தேவையே இல்லை. ஆனால் நம்மூர் ஆட்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள்? குற்றாலத்துக்குக் கிளம்பும் வேனில் பாதி கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆக, ஆட்களைத் தடுத்தது டிக்கெட் அல்ல. 2021 மே மாதம் தமிழக அரசு கொண்டுவந்த சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம், இந்த 11 நாள் சலுகையை விட பல மடங்கு வேலை செய்யக்கூடியது.

இங்கே ஜனங்கள் நிஜமாகவே காசு கொடுக்கிற இடம் பாபநாசம் வனத்துறை செக்போஸ்ட். அகஸ்தியர் அருவிக்குப் போக தலைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். தொல்லியல் துறை உத்தரவு இங்கே செல்லாது. இது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988ல் அறிவிக்கப்பட்டது, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம்.

அப்படியானால் சுதந்திர தினத்தில் இதையும் ஃப்ரீயாக விட்டால் என்ன? கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆடி அமாவாசை ஒன்று போதும். சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குத் திரளும் ஜனமும் வண்டிகளும், பின்னால் கிடக்கும் குப்பையும் எல்லாரும் பார்த்ததுதான். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணிகளை அள்ளி மாளவில்லை.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். கனடா தனது 150வது ஆண்டுக்காக 2017 முழுக்க தேசியப் பூங்காக்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. பான்ஃப் பூங்காவில் கார் நிறுத்த இடமில்லாமல் திண்டாட்டம் ஆனது.

வசூலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தில் 2006ல் செய்த திருத்தப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளை வேண்டும். சுற்றுலா வருமானம் காட்டுக்கும் அதை ஒட்டிய ஊர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. விழா நாளில் வெளியூர் கார்களுக்கு அதைத் தள்ளுபடி செய்வது கார் வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் பரிசு, அவ்வளவுதான்.

செய்ய வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். கூட்டமில்லாத ஒரு வேலை நாள். முக்கூடல், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்து. வண்டிக்கு டீசலும் பேச ஒரு வனக்காப்பாளரும் போதும். திரும்பும் வழியில் திருவாலீஸ்வரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பிள்ளைகள் மகாசேனை கல்வெட்டையும் பார்த்துவிட்டு வருவார்கள்.