இடுப்பு வலியா? சிறுநீரகத்தையும் பாருங்கள்!

ஆவடிக்கு அருகே முத்தாபுதுப்பேட்டையானாலும் சரி, பூந்தமல்லியானாலும் சரி, எலும்பு வலித்தால் பெரியவர்கள் "வயசாச்சு" என்பார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். இது ஆபத்து.

சிறுநீரகத்துக்குச் சிறுநீரைப் பிரிப்பது மட்டும் வேலை அல்ல. (குண்டிக்காய் என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான்.) வெயில் பட்டு நம் தோலில் உண்டாகும் 'டி' வைட்டமினை உடலுக்குப் பயன்படும்படி மாற்றுவதும் அதுதான். அந்த மாற்றம் நடக்காவிட்டால், கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து உடலில் சரியாகச் சேராது.

சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கும். சுண்ணாம்புச்சத்து குறையும். கழுத்தில் பயறு அளவில் 4 சுரப்பிகள் இருக்கின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட அவை எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ வைக்கும். கடனை அடைக்கத் தாலியை அடகு வைப்பது போல! நாளடைவில் எலும்பு பலம் இழக்கும். வழுக்கி விழுந்தாலே முறியும்.

அப்படியானால் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை நாமே வாங்கித் தின்னலாமா? கூடாது. மிஞ்சியது ரத்தக் குழாயில் படியும். வலி மாத்திரையோ சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். சிறுநீரக நோயாளியின் பாஸ்பரஸ், சுண்ணாம்புச்சத்து அளவுகளையும் அவரவர் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.