வண்டி நின்னா சம்பளமும் நிக்கணுமா? மழை சீசனில் ட்ரெய்லர் ஓட்டுநர்கள்

ஐ.டி. கம்பெனியில் கையில் புராஜெக்ட் இல்லாவிட்டால் 'பெஞ்ச்'-ல உட்கார வைப்பார்கள். டென்ஷன்தான். ஆனாலும் மாசக் கடைசியில் சம்பளம் வந்துவிடும்.

ட்ரெய்லர் லாரி ஓட்டுநருக்கும் ஒரு 'பெஞ்ச்' உண்டு. வெளிமாநிலத்தில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம், விடாத மழை, புரோக்கரிடமிருந்து வராத போன். இரண்டு நாளோ ஐந்து நாளோ, லோடு கிடைக்கும் வரை அங்கேதான். அந்த நாட்களுக்கு என்ன சம்பளம்? பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. சாப்பாடும் கைக்காசுதான்.

சரக்குக் குறையும் மாதங்களின் நஷ்டத்தில் பெரிய பங்கு, அதைத் தாங்க வழியே இல்லாத ஓட்டுநரின் தலையில் விழுகிறது. இது மாற வேண்டும். அதற்கு முதலில், காத்திருப்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்த மந்தம்?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் மேற்கு, மத்திய இந்தியாவில் கட்டுமான வேலை குறைந்துவிடும். சேற்றில் அஸ்திவாரம் தோண்ட முடியாது. கம்பி, பைப், ஆங்கிள் எல்லாவற்றுக்கும் தேவை இறங்கும். தமிழ்நாட்டில் நடுவில் ஆடி மாதம் வேறு வரும். பலர் புதுசா எதையும் தொடங்க மாட்டார்கள். செப்டம்பர் வரை இப்படியே ஓடி, தீபாவளியை ஒட்டித்தான் மார்க்கெட் மறுபடி சூடுபிடிக்கும்.

இதில் ட்ரெய்லருக்கு அடி கொஞ்சம் பலம். மூடிய கன்டெய்னர் லாரிக்கு ஆன்லைன் பார்சல், சோப்பு, பிஸ்கட் என்று வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். கூரையும் பக்கச் சுவரும் இல்லாத ட்ரெய்லரில் இதையெல்லாம் ஏற்ற முடியாது. இரும்பு காயில், கம்பிக்கட்டு, மெஷின், காற்றாலை பாகங்கள் இவைதான் அதன் பிழைப்பு. இவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் கட்டுமானத்தை நம்பியிருப்பவை.

இன்னொரு காரணமும் இருக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை சுமார் 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. ஒரு வண்டி அதிகம் ஏற்றினால், அதே சரக்குக்குக் குறைவான வண்டிகளே போதும். லோடு குவியும் மார்ச் மாதத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஜூலையில் ஒரு லோடுக்குப் பத்து வண்டி காத்திருக்கும்போது தெரியும்.

ஒரு நடையின் கணக்கு

சங்ககிரியிலிருந்து புனே பக்கத்தில் இருக்கும் சாக்கனுக்கு ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 1,100 கி.மீ. போய் இறக்கி, ரிட்டர்ன் லோடு பிடித்துத் திரும்ப 10 நாள். மாசத்துக்கு மூன்று நடை. நடைக்கு 9,000 ரூபாய் கையில் நின்றால் 27,000 ரூபாய்.

மழை சீசனில் அதே நடை எப்படி இருக்கும்? இறக்கும் இடத்தில் மழை, கிரேன் வேலை செய்யாது. இரண்டு நாள் போச்சு. ரிட்டர்ன் லோடுக்கு மூன்று நாள். 10 நாள் நடை 15 நாளாகிவிட்டது. மாசத்துக்கு இரண்டே நடை.

அதோடு முடியவில்லை. பல ஓட்டுநர்களுக்கு வாடகையில் இத்தனை சதவீதம் என்றுதான் கூலி. லோடு குறைந்தால் வாடகையும் இறங்கும், கூலியும் இறங்கும். நடைக்கு 7,000 ரூபாய்தான் நிற்கிறது என்றால் மாசத்துக்கு 14,000. ஏறக்குறைய பாதி.

இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆளுக்கு ஆள், ரூட்டுக்கு ரூட் தொகை மாறும். ஆனால் நடையும் குறைந்து வாடகையும் குறையும் இந்த இரட்டை அடி மாறாது. அதுவும் எப்போது? பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில்.

சும்மா நிக்கிறதுக்கு எதுக்குக் காசு?

நிற்கும் வண்டியை விட்டு ஓட்டுநர் நகர முடியாது. ராத்திரியில் டீசல் திருடுபவர்கள் உண்டு. பேட்டரி, ஸ்டெப்னி, தார்பாய், செயின் எதுவும் பத்திரமில்லை. பல லட்ச ரூபாய் வண்டிக்கும் அதன் மேலிருக்கும் சரக்குக்கும் அவர்தான் வாட்ச்மேன். காயில் ஏற்றியிருந்தால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்காமல் தார்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். நனைந்த லோடு மேல் ஏறினால் கால் வழுக்கும். இடையில் நாலு புரோக்கருக்கு போன் போட வேண்டும். "எப்போ கிளம்புவ?" என்று கேட்கும் ஓனருக்கும், "எப்போ வருவீங்க?" என்று கேட்கும் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர்களுக்காக அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் பொதுவாக லாரி ஏ.சி. இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நிற்கும் வண்டியில் ராத்திரி முழுக்க டீசல் எரிக்க எந்த ஓனர் சம்மதிப்பார்? ஓடும்போது கிடைக்கும் வசதி, நிற்கும்போது கிடையாது.

சட்டத்தின் 15 நிமிடம்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்தது. எது வேலை நேரம் என்றும் வரையறுத்தது. அதில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். டெர்மினலில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குள் இருந்தால் அது வேலை நேரம் என்றது.

அட்டவணைப்படி ஓடும் பஸ்ஸுக்கு இந்த வரி ஓரளவு பொருந்தியிருக்கலாம். மூன்று நாள் பங்க்கில் நிற்கும் ட்ரெய்லருக்கு? மேலும், 5 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் தானாகப் பொருந்தவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள் நிறைந்த தொழில் இது. 2020-ல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இதையும் சேர்த்து 13 பழைய சட்டங்களை ஒன்றாக்கியது. ஆனால் சாலையோரக் காத்திருப்புக்குக் கூலி கேட்க ஓட்டுநரின் கையில் இன்றும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஓனர் மட்டும் என்ன செய்வார்?

நியாயமான கேள்வி. வண்டி நின்றாலும் டியூ நிற்காது. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எதுவும் மழைக்காக ஒதுங்காது. ஒற்றை லாரி ஓனரிடம் "எல்லாத்தையும் நீயே தாங்கு" என்றால் அவர் வண்டியை விற்றுவிடுவார். பல ஓனர்கள் நேற்றைய ஓட்டுநர்கள்தான். சிலர் இன்றும் தாங்களே ஓட்டுகிறார்கள்.

அதனால் பணம் வர வேண்டிய முதல் இடம், வண்டியைக் காக்க வைக்கும் ஆலையும் சைட்டும். லாரித் தொழிலில் 'ஹால்டிங்' என்று ஒரு கட்டணம் ஏற்கெனவே உண்டு. பேச்சில் இருக்கும் அது பில்லில் வருவதற்குள் பேரமாகிவிடும். வந்தாலும் ஓட்டுநருக்கு எவ்வளவு என்பது ஓனரின் மனசைப் பொறுத்தது. இதைச் சரிசெய்ய மூன்று விஷயம் போதும். கேட்டில் நுழைந்த நேரத்தை எல்.ஆர். ரசீதிலேயே எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும். அதில் ஓட்டுநர் பங்கு தனியாக இருக்க வேண்டும்.

ரிட்டர்ன் லோடுக்காக நிற்கும் நாளுக்கு எந்த ஆலையும் பொறுப்பில்லை. அங்கே ஓனர் ஒரு குறைந்தபட்ச தினப் படியாவது தர வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து வாடகை பேச சங்கங்கள் முன்வர வேண்டும். தனி ஓனரால் முடியாது, சேர்ந்தால் முடியும்.

இதற்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் தருகிறது. தடை அரசு போட்டது, மழை அப்படியில்லை, வித்தியாசம் இருக்கு. ஆனாலும் வருஷா வருஷம் தேதி தவறாமல் வரும் ஒரு வருமான இழப்பை முன்கூட்டியே திட்டமிட்டுச் சமாளிக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

வாடகை ஏறாதா?

கொஞ்சம் ஏறும். கம்பி விலையிலும், அதைப் போட்டுக் கட்டும் ஃபிளாட்டின் விலையிலும் அதன் துளி சேரும். இன்று அந்தத் துளியை மொத்தமாகக் கட்டுவது ஓட்டுநரின் வீடு. இழந்த நாட்களை ஈடுகட்ட, லோடு கிடைத்ததும் தூங்காமல் ஓட்டுகிறார். ஓவர்லோடு என்று தெரிந்தும் மறுக்க முடியாமல் ஏற்றுகிறார். அதன் ஆபத்து அதே ஹைவேயில் போகும் எல்லோருக்கும்தான்.

டாக்ஸி ஆப்-ல சில நிமிஷம் தாமதமாக இறங்கி வந்தால் வெயிட்டிங் சார்ஜ் ஏறுகிறது. முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம், ஏன்னா காத்திருந்தவரின் நேரத்துக்கு விலை உண்டு என்பது நமக்குத் தெரியும். மழையில் மூன்று நாள் நிற்கும் ட்ரெய்லர் ஓட்டுநரின் நேரத்துக்கும் அதே விலை உண்டு. அடுத்த ஜூனுக்குள் அது எல்.ஆர். ரசீதில் ஒரு வரியாக ஏற வேண்டும்.