செய்து பார்க்காதவர்களின் சிரிப்பு

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பட்டறையாக்கிக்கொண்டு, பித்தளைத் தகட்டையும் எஃகுக் கம்பியையும் அறுத்து ராவி, எவரும் செய்யாத மாதிரியில் ஒரு கடிகாரம் செய்யப் போகிறேன் என்று ஒருவர் சொல்லட்டும். நம்மில் படித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதற்கு?" என்பதுதான். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கடிகாரம் கிடைக்கிறதே என்பார்கள். இந்தக் கேள்வியைப் புத்திசாலித்தனம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் அதைச் சோம்பேறித்தனம் என்கிறேன். எனக்குச் சாட்சி ஒரு தச்சர்.

ஜான் ஹாரிசன் 1693-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். ஹம்பர் நதிக்குத் தெற்கே பாரோ என்ற சிற்றூரில் வளர்ந்தார். எந்தக் கடிகாரக்காரரிடமும் அவர் தொழில் பழகியதாகத் தெரியவில்லை. கைக்கு வந்தது மரம். ஆகவே சக்கரங்களையும் மரத்திலேயே செதுக்கினார்.

அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எண்ணெயே நோய். குளிரில் அது இறுகும், நாளடைவில் பிசுக்காகும், கடிகாரம் தடுமாறும். நல்ல எண்ணெய் தேடுவதுதான் மற்றவர்களுக்குத் தோன்றியது. ஹாரிசன் எண்ணெயே வேண்டாத கடிகாரம் செய்தார். தன்னிலேயே எண்ணெய்ப் பசை கசியும் லிக்னம் வைட்டே என்ற கட்டையை, அச்சுகள் சுழலும் இடங்களில் வைத்தார். சக்கரத்தின் பல்லை உரசிக்கொண்டு நகராமல், தொட்டு, உந்துதல் தந்து, துள்ளி விலகும் ஓர் உறுப்பையும் கற்பனை செய்தார். வெட்டுக்கிளி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பிராக்கிள்ஸ்பி மாளிகையின் குதிரை லாயத்துக்கு 1722 வாக்கில் அவர் செய்த கடிகாரம் மூன்று நூற்றாண்டு பிழைத்திருக்கிறது.

வெயிலில் பெண்டுலத்தின் கம்பி நீளும். நீண்டால் கடிகாரம் பின்தங்கும். எஃகைவிடப் பித்தளை அதிகம் நீளும் என்பதைக் கண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்றின் நீட்சியை மற்றதைக் கொண்டே ரத்துச் செய்தார். சரி, அது திருத்தமாக ஓடுகிறதா என்று சோதிக்க அந்தக் கிராமத்தில் வானாராய்ச்சிக் கூடமா இருந்தது? தம் ஜன்னலின் ஓரத்தையும் அண்டை வீட்டுப் புகைபோக்கியையும் எல்லையாக வைத்துக்கொண்டார். ஒரு நட்சத்திரம் அங்கே மறையும் கணம், ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட 3 நிமிஷம் 56 விநாடி முன்னதாக வரவேண்டும். கடிகாரமும் அப்படிச் சொல்கிறதா என்று இரவிரவாக ஒப்பிட்டார்.

பின்னர் அவர் செய்த கடல் கடிகாரம், 1761-ல் புறப்பட்ட பயணத்தில் ஜமைக்கா சேர்வதற்குள் சுமார் 5 விநாடிதான் பிசகியது. அந்தப் புகழும், பரிசுக்காக அவர் பட்ட பாடும் பலர் எழுதியவை. என் வழக்கு அதற்குப் பிந்தியது.

1775-ல், எண்பதைத் தாண்டிய வயதில், அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். தம் முறைப்படி செய்த பெண்டுலக் கடிகாரம் 100 நாளில் ஒரு விநாடிக்குள் நிற்கும் என்று அதிலே சொன்னார். பெண்டுலம் சிறிதாக அசைய வேண்டும், குண்டு கனமாக இருக்க வேண்டும் என்பது அறிஞர் கொள்கை. அவரோ அகலமாக வீசி ஆடட்டும் என்றார். லண்டன் பத்திரிகை ஒன்று அந்தப் புத்தகத்தைப் பைத்தியத்துக்குச் சற்றே குறைந்த உளறல் என்ற பொருள்பட ஏசியது. மறு வருஷம் கிழவர் இறந்தார்.

அவருடைய எழுத்து கரடுமுரடானது, ஒப்புக்கொள்கிறேன். வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தேட வேண்டும். ஆனால் கடிகாரத்தைப் பற்றிய வாதத்துக்கு இலக்கணமா தீர்ப்புச் சொல்லும்? செய்து பார்த்திருக்க வேண்டும். சிரிப்பது சுலபமாக இருந்தது, சிரித்தார்கள்.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, மார்ட்டின் பர்ஜஸ் என்ற ஆங்கிலக் கடிகாரக் கலைஞர் அந்தக் கிழவரை நம்பி, 1970-களில் வேலையைத் தொடங்கினார். பிறர் கைகொடுத்து முடித்த அந்தக் கடிகாரத்தைக் கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்தில் முத்திரையிட்டு வைத்து, 2015-ல் 100 நாள் சோதித்தார்கள். பிசகு ஐந்தில் எட்டு விநாடியல்ல, எட்டில் ஐந்து விநாடி! நம் வீட்டுச் சுவரில் மின்கலத்தில் ஓடும் மலிவான கடிகாரம் ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து விநாடி தவறிவிடும்.

"ஹாரிசன் மேதை, வீட்டு மூலையில் ராவிக்கொண்டிருப்பவரெல்லாம் மேதையா?" என்று கேட்பீர்கள். அல்லதான். பெரும்பாலோரின் கடிகாரங்கள் நின்று நின்றுதான் ஓடும். ஆனால் ஹாரிசன் தமது இருபதாவது வயதில், 1713-ல், முதல் மரக்கடிகாரத்தைச் செய்தபோது அவரையும் யார் மேதை என்றார்கள்? அன்று அவர் வெறும் தச்சர். "எதற்கு?" என்ற கேள்விக்கு அவர் பணிந்திருந்தால் பாரோவில் இன்னும் நான்கு நல்ல கதவுகள் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

தலை யோசிக்கும், கை கீழ்ப்படியும் என்ற நம்பிக்கையில்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். பையன் சுத்தியலை எடுத்தால் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்கிறோம். எண்ணெய் எப்படி இறுகுகிறது, பித்தளை எவ்வளவு நீள்கிறது என்பதெல்லாம் ஹாரிசனின் தலைக்குக் கை போய்ச் சொன்ன செய்திகள். அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நம் பிள்ளைகள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே என்று புலம்ப நமக்கு உரிமையில்லை. சுத்தியலைத் திருப்பிக் கொடுங்கள். விரல் நசுங்கினால் நசுங்கட்டும்.